காலைச் சாப்பாடாகச் சூப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூப் என்பது பசியைக் கிளப்புவதற்குக் குடிப்பதுதானே? அதையே காலைச் சாப்பாடாக எப்படிக் கொள்வது?

ஓட்டல் மெனுவின் முதல் பக்கத்தில் வரும், சோளமாவு கரைத்த சூப்பை மனதில் வைத்தால் இந்தச் சந்தேகம் வரும். காலைச் சூப் வேறு வகை. நீர், உப்பு, புரதம், மாவுச்சத்து நான்கும் ஒரே கிண்ணத்தில் இருக்கும். ஹனோயில் விடிந்ததும் சாப்பிடும் ஃபோவில் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகச் சாறும், இரண்டு கைப்பிடி அரிசி நூடுல்ஸும், சில துண்டு இறைச்சியும் இருக்கும். மதியம் வரை தாங்கும். கிண்ணம் நிறைய சாம்பாரில் மிதக்கும் குட்டி இட்லிகளைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுகிறவருக்கு இது புரியாத விஷயமே இல்லை.

எங்கெல்லாம் இந்தப் பழக்கம் இருக்கிறது?

வியட்நாமில் ஃபோ, மியான்மரில் மீனும் அரிசி நூடுல்ஸும் சேர்ந்த மொகிங்கா, ஜப்பானில் சோற்றோடு, புளித்த சோயா விழுதான மிசோ கரைத்த சூப். கொரியாவில் காலைச் சோற்றுக்கும் சூப் உண்டு. முந்தைய இரவு குடித்தவர்களுக்கென்றே ஹேஜாங்குக் என்ற வகையும் உண்டு, பெயரின் பொருளே போதை தெளியவைக்கும் சூப். சீனாவின் ஹெனான் மாகாணத்தில் மிளகுக் காரம் தூக்கலான ஹுலாதாங். துருக்கியின் காசியான்டெப் நகரத்தில் ஆட்டிறைச்சி, அரிசி, பூண்டு, மிளகாய் சேர்ந்த பெய்ரான். துனீசியாவில் கொண்டைக்கடலை லப்லாபி. மெக்சிகோவில் வார இறுதிக் காலைகளில் மாட்டுக் குடல் போட்ட மெனுதோ. கொலம்பியாவின் மலைப்பகுதியில் பால் சூப்பான சாங்குவா. ஆர்மீனியாவில் குளிர்காலத்தில் மாட்டுக்கால் சூப்பான காஷ்.

பழைய தில்லியின் இறைச்சிக் குழம்பான நிஹாரியையும் சேர்க்க வேண்டும். 'நஹார்' என்றால் அரபியில் பகல்பொழுது. காலை உணவு என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது.

ஏன் காலையில்? இரவில் சாப்பிட்டால் என்ன?

எலும்பு, கால், குடல் இவையெல்லாம் மலிவானவை, ஆனால் வேக நேரம் பிடிப்பவை. இரவில் அடுப்பில் ஏற்றினால் பதமாகி இறங்கும் நேரம் விடியற்காலை. அந்த நேரத்தில் சூடாக, வயிறு நிறைய, குறைந்த விலையில் வேண்டுமென்று வருகிறவர்கள் சந்தைக்காரர்கள், சுமை தூக்குபவர்கள், இரவுப் பணி முடித்தவர்கள். இரண்டும் பொருந்திப்போயின. வீட்டில் செய்யும்போதும் இதை மறக்கக் கூடாது: காலைச் சூப்பின் வேலை முந்தைய இரவிலேயே முடிந்துவிட வேண்டும். காலையில் மிஞ்சுவது சூடாக்குவதும் சேர்ப்பதும் மட்டும்தான். காலையில் எழுந்து முதலிலிருந்து தொடங்குகிறவர்கள்தான் இரண்டாம் நாளே கைவிடுகிறார்கள்.

ஃபோவை வீட்டில் செய்ய முடியுமா? மாட்டிறைச்சி கட்டாயமா?

முடியும். மாட்டிறைச்சி கட்டாயமில்லை. மாட்டு எலும்பில் செய்வது ஃபோ போ, கோழியில் செய்வது ஃபோ கா. இரண்டும் வியட்நாமிலேயே உள்ளவை. முதல்முறை செய்பவர்களுக்குக் கோழிதான் நல்லது: ஆறு மணி நேர வேலை இரண்டரை மணி நேரத்தில் முடியும்.

நான்கு பேருக்கு ஒன்றரைக் கிலோ முழுக்கோழி, மூன்றரை லிட்டர் தண்ணீர். இரண்டு பெரிய வெங்காயத்தையும் 80 கிராம் இஞ்சியையும் தோலோடு கேஸ் தீயில் நேராகக் காட்டிச் சுடுங்கள். தோல் கருகி, உள்ளே குழைந்து, கத்தரிக்காய் சுடும்போது வருவதுபோல ஒரு வாசம் வரும். கருகிய தோலைத் தேய்த்துக் கழுவிவிட்டு வெங்காயத்தைப் பாதியாக வெட்டுங்கள், இஞ்சியைத் தட்டுங்கள். கோழியைக் கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு எடுத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கோழியைக் கழுவுங்கள். பிறகு புதுத் தண்ணீரில் கோழி, வெங்காயம், இஞ்சி மூன்றையும் போட்டுச் சிறு தீயில் வையுங்கள். 40 நிமிடத்தில் பிராய்லர் கோழி வெந்துவிடும். நாட்டுக்கோழிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். கோழியை எடுத்து, சதையைப் பிரித்து மூடி வைத்துவிட்டு, எலும்பை மட்டும் மறுபடி பானையில் போட்டு இன்னும் ஒன்றரை மணி நேரம் விடுங்கள்.

மசாலாவைக் கடைசி 45 நிமிடத்துக்கு மட்டும் போட வேண்டும். அன்னாசிப்பூ மூன்று, பட்டை ஒரு விரல் நீளம், கிராம்பு மூன்று, தனியா ஒரு மேசைக்கரண்டி. இவற்றை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை சூடுகாட்டி, துணியில் மூட்டையாகக் கட்டிப் போடுங்கள். முதலிலிருந்தே போட்டுக் கொதிக்கவிட்டால் சூப் கஷாய வாடை அடிக்கும். நம் கைக்குப் பழகிய பிரியாணி அளவில் போட்டாலும் அதேதான் நடக்கும். பிறகு வடிகட்டி, மூன்று மேசைக்கரண்டி மீன் சாஸ், 15 கிராம் கற்கண்டு, தேவைக்கு உப்பு சேருங்கள்.

மாட்டு எலும்பில் செய்வதானால் இரண்டு கிலோ எலும்புக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், ஆறு மணி நேரம். அன்னாசிப்பூ ஐந்து, கூடவே ஒரு கருப்பு ஏலக்காய். முதல் கொதிப்பைப் பத்து நிமிடம் விட்டுத் தண்ணீரைக் கொட்ட வேண்டும்.

சாறு கலங்கலாக வருகிறது. எங்கே தப்பு?

பெரும்பாலும் தீயில். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு நுண்துளிகளாக உடைந்து நீரோடு கலந்துவிடும், புரதத் துகள்களும் அடியில் தங்காமல் சுழலும். பானையின் ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி மட்டும் எழும்பி உடைகிற அளவு தீ போதும். மூடியை இறுக்கி மூடினால் சிறு தீயிலும் கொதி ஏறிவிடும். பாதி திறந்து வையுங்கள். முதல் தண்ணீரைக் கொட்டாமல் விட்டாலும், நுரையை எடுக்காமல் கிளறிவிட்டாலும் கலங்கும்.

கலங்கல் என்பதே குற்றம் அல்ல. கொரியாவின் சல்லோங்தாங் என்ற மாட்டெலும்புச் சூப்பில் வெண்மை வரவேண்டும் என்பதற்காகவே பல மணி நேரம் வேகமாகக் கொதிக்க விடுகிறார்கள். எந்தச் சூப்பைச் செய்கிறோம் என்று தெரிந்து தீயை வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாறு நன்றாக இருக்கிறது, கிண்ணத்தில் ஊற்றினால் சப்பென்று ஆகிவிடுகிறது. ஏன்?

நூடுல்ஸில் உப்பில்லை. அதனால் பானையில் ருசி பார்க்கும்போது சாற்றில் உப்பு சற்றுத் தூக்கலாகவே இருக்க வேண்டும். இரண்டாவது காரணம், சரியாக வடியாத நூடுல்ஸ். அது கொண்டுவரும் தண்ணீர் சாற்றை நீர்க்கடிக்கும். காய்ந்த தட்டை அரிசி நூடுல்ஸைச் சாதாரணத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, கொதிநீரில் அரை நிமிடம் முக்கி, நன்றாக உதறி எடுங்கள். கிண்ணத்தையும் வெந்நீர் ஊற்றிச் சூடாக்குங்கள். நூடுல்ஸைப் பானைச் சாற்றிலேயே போட்டு வேகவைத்தால் மாவு கரைந்து சாறு கொழகொழத்துவிடும், மறுநாளுக்கு ஆகாது.

மேலே போடுவது ஊருக்கு ஊர் மாறும். வியட்நாமின் வடக்கே வெங்காயத்தாளும் கொத்தமல்லியும் போதும் என்பார்கள். 1954இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து பெருந்திரளாகத் தெற்கே போனவர்களோடு ஃபோவும் அங்கே பரவியது; தெற்கே முளைகட்டிய பயறு, துளசி வகைக் கீரை, எலுமிச்சை, இனிப்புச் சாஸ் எல்லாம் சேர்ந்துகொண்டன.

எனக்குக் காலையில் பத்து நிமிடம்தான் இருக்கிறது. எதைச் செய்யலாம்?

மிசோ சூப். அடிப்படைச் சாறான தாஷியைக் கொதிக்கவைத்தே செய்ய வேண்டியதில்லை. 800 மி.லி. தண்ணீரில் 10 கிராம் கொம்பு கடற்பாசியை இரவே போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அதன்மேல் படிந்திருக்கும் வெள்ளைப் பொடியைக் கழுவ வேண்டாம், ருசியில் அதற்கும் பங்குண்டு. காலையில் அடுப்பில் வைத்து, கொதி வருவதற்கு முன் கடற்பாசியை எடுத்துவிடுங்கள்; கொதித்தால் வழவழப்பும் கசப்பும் இறங்கும். பிறகு 15 முதல் 20 கிராம் கட்சுவோபுஷி, அதாவது புகைபோட்டுக் காயவைத்த சூரை மீன் சீவலைப் போட்டு, அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடத்தில் வடிகட்டுங்கள். பிழியக் கூடாது.

கட்சுவோபுஷி கிடைக்காவிட்டால் மாசிக் கருவாடு இருக்கிறது. சூரை மீனை வேகவைத்துப் புகைபோட்டுக் காயவைப்பதில் இரண்டும் ஒன்றே. மாசியின் புகைவாசம் இன்னும் தடித்தது, எனவே பாதி அளவு போதும்.

மிசோ நான்கு கிண்ணத்துக்கு மூன்று மேசைக்கரண்டி. நேராகப் பானையில் போட்டால் கட்டி கட்டியாக அடியில் நிற்கும். ஒரு சின்ன வடிகட்டியைச் சாற்றில் பாதி முழுகப் பிடித்து, அதற்குள் மிசோவை வைத்துக் கரண்டியால் தேய்த்துக் கரையுங்கள். தோஃபுவையும் காய்களையும் முன்னமே போட்டு வேகவைத்திருக்க வேண்டும். மிசோ கரைந்தபின் கொதிக்கவிடாதீர்கள், அதன் மணம் ஆவியோடு போய்விடும். நாம் ரசத்தை நுரை கட்டியதும் இறக்குகிற அதே கவனம்தான்.

இவ்வளவு குறைந்த நேரத்தில் எப்படி ருசி வருகிறது?

கொம்புவில் குளுட்டமேட் என்ற ருசி தரும் பொருள் அதிகம். இதை 1908இல் கண்டு சொன்னவர் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேதா. கட்சுவோபுஷியில் இருப்பது இனோசினேட் என்ற இன்னொரு ருசிப்பொருள். 1913இல் ஷின்தாரோ கொதாமா கண்டறிந்தார். இரண்டும் சேரும்போது தனித்தனி ருசிகளின் கூட்டுத்தொகையைவிடப் பல மடங்கு நாக்கில் தெரியும். எலும்பைக் கொதிக்கவைக்கும் வேலையை இங்கே முன்பே காயவைத்துச் சீவி வைத்தவர்கள் முடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

நாங்கள் சைவம். எங்களுக்கு என்ன வழி?

மிசோவுக்குக் கட்சுவோபுஷியை விட்டுவிட்டு, நான்கு காய்ந்த ஷிடாகே காளான்களைக் கொம்புவோடு இரவு குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் போதும்.

நம் சமையலறைக்கு இன்னும் எளிது லப்லாபி. கால் கிலோ கொண்டைக்கடலையை இரவு ஊறவைத்து, ஒன்றரை லிட்டர் தண்ணீரில் குக்கரில் குழைய வேகவையுங்கள். நான்கு பல் பூண்டு, இரண்டு தேக்கரண்டி வறுத்துப் பொடித்த சீரகம், உப்பு சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கிண்ணத்தின் அடியில் முந்தைய நாள் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மேலே கடலையும் சாறும் ஊற்றி, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய், ஹரிஸ்ஸா மிளகாய் விழுது. கடலை வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், சாறே அதுதான். ரொட்டி புதிதாக இருந்தால் கூழாகிவிடும்; காய்ந்த ரொட்டியே வேண்டும்.

மொகிங்காவைச் சென்னையில் மாலையில் விற்கிறார்களே, அது காலை உணவா?

மியான்மரில் அது விடிந்ததும் சாப்பிடும் உணவு. 1962இல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, தொடர்ந்து கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது, பல தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் பெருமளவில் திரும்பி வந்தார்கள். பர்மா பஜார், வியாசர்பாடி பக்கங்களில் நூடுல்ஸ் கலவையான அத்தோவும், மொகிங்காவும், மொறுமொறுப்பாகப் பொரித்த பேஜோவும் வந்தது அவர்கள் கையால். இங்கே அது வேலை முடிந்து சாப்பிடும் மாலைப் பண்டமாக மாறிவிட்டது. அத்தோவோடு தரும் வாழைத்தண்டு சூப்பில் மொகிங்காவின் சாயலைக் காணலாம்.

மொகிங்கா செய்யும் முறை?

ஐந்து பேருக்கு அரைக் கிலோ கெளுத்தி மீன், இரண்டரை லிட்டர் தண்ணீர். மீனை மஞ்சள்தூள், தட்டிய எலுமிச்சைப்புல் இரண்டு தண்டு, இஞ்சியோடு 20 நிமிடம் வேகவைத்து, எடுத்து, ஆறியதும் முள் நீக்குங்கள். தண்ணீரை வடிகட்டி வையுங்கள்.

மூன்று வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, இஞ்சி, ஊறவைத்த காய்ந்த மிளகாய் ஐந்து, ஒரு தண்டு எலுமிச்சைப்புல்லின் இளம்பகுதி ஆகியவற்றை அரைத்து, ஐந்து மேசைக்கரண்டி கடலையெண்ணெயில் வதக்குங்கள். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்க 15 நிமிடமாவது ஆகும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் மீன் கவிச்சி கடைசிவரை போகாது. அதில் ஒரு தேக்கரண்டி ஙாப்பியும், அதாவது மீனிலோ இறாலிலோ செய்த புளித்த விழுது, உதிர்த்த மீனும் சேர்த்து இன்னும் ஐந்து நிமிடம் பிரட்டுங்கள். பிறகு வடித்த தண்ணீரை ஊற்றுங்கள்.

கெட்டிப்படுத்துவதற்கு 60 கிராம் கடலைமாவை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, ஆறவிட்டு, பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். சூடான சாற்றில் மாவைத் தூவினால் கட்டி விழும். வறுக்காமல் விட்டால் பச்சை வாசம் நிற்கும். ஊற்றியபின் அடி பிடிக்கும், கிளறிக்கொண்டே இருங்கள்.

கடைசி அரை மணி நேரத்துக்கு வாழைத்தண்டும் முழுச் சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடியும். ஒரு சாண் தண்டு போதும். வட்டமாக நறுக்கும்போதே ஒவ்வொரு வில்லைக்கும் இடையில் இழுபடும் நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துவிட்டு, கறுக்காமலிருக்க மோர் கலந்த தண்ணீரில் போடுங்கள். மீன் சாஸ் மூன்று மேசைக்கரண்டி, உப்பு பார்த்து. மெல்லிய அரிசி நூடுல்ஸின்மேல் ஊற்றி, அவித்த முட்டை, கொத்தமல்லி, எலுமிச்சை, இடித்த மிளகாய், நொறுக்கிய பேஜோ. முதல் நாள் இரவு செய்து மறுநாள் சூடாக்கினால் ருசி கூடும். ஆனால் ஆறியதும் இறுகியிருக்கும், ஒரு டம்ளர் வெந்நீர் சேர்த்துத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

பாலில் உப்புப் போட்டுச் சூப்பா? திரிந்துவிடாதா?

சாங்குவாவைப் பற்றிய கேள்வி. திரியாது. 250 மி.லி. பால், 250 மி.லி. தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு, நறுக்கிய வெங்காயத்தாள். இந்த அளவு உப்பு நல்ல பாலைத் திரிக்காது. திரிந்தால் பால் ஏற்கெனவே பழசாகியிருக்கிறது என்று பொருள். கொதி வரும்போது தீயைக் குறைத்து, இரண்டு முட்டையை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் உடைத்து மெல்ல நழுவவிட்டு, கிளறாமல் மூன்று நிமிடம் மூடுங்கள். கொத்தமல்லி தூவி, காய்ந்த ரொட்டிமேல் ஊற்றுங்கள். இரண்டு பேருக்குப் போதும்.

ஆட்டுக்கால் பாயாவும் இந்த வரிசையில் வருமா?

தாராளமாக. காலையில் இடியாப்பத்தோடோ ஆப்பத்தோடோ சாப்பிடும் பாயா காஷுக்கும் நிஹாரிக்கும் நெருங்கிய உறவு. நான்கு கால்களைச் சுட்டுச் சுரண்டி, மஞ்சள் தடவிக் கழுவி, ஒன்றரை லிட்டர் தண்ணீர், மிளகு, சீரகம், இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயத்தோடு குக்கரில் முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் 45 நிமிடம். திறந்த பானையில் நான்கு ஐந்து மணி நேரம். ஆறியபின் ஜெல்லிபோல இறுகினால் பதம் சரி: தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் ஜெலட்டினாக இறங்கியிருக்கிறது. தேங்காய்ப்பால் சேர்ப்பதானால் இறக்கும் நேரத்தில். கொதித்தால் திரிந்து எண்ணெய் மிதக்கும்.

இலங்கையின் காலைநேர இலைக்கஞ்சியும் உறவுதான். பச்சரிசிக் கஞ்சியில் வல்லாரை முதலிய கீரைச் சாறும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, ஒரு கடி பனங்கட்டியோடு குடிப்பது. கீரைச் சாற்றை அடுப்பை அணைக்கும் தறுவாயில் ஊற்றினால்தான் பச்சை நிறம் நிற்கும்.

எலும்பு முறிந்தவருக்கு ஆட்டுக்கால் சூப் கொடுத்தால் சீக்கிரம் கூடுமா?

எலும்பில் உள்ள சுண்ணாம்புச்சத்து வெந்நீரில் மிகக் கொஞ்சமே கரைகிறது. 200 மி.லி. பசும்பாலில் சுமார் 240 மி.கி. கால்சியம் இருக்கிறது, ஒரு கோப்பை எலும்புச் சூப்பில் அதில் சிறு பங்குகூடத் தேறுவதில்லை. ஜெலட்டின் புரதம்தான், ஆனால் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் அதில் இல்லை, எனவே தனியாக நிறைவான புரதம் ஆகாது. படுத்திருப்பவருக்குப் பசி குறைந்த நேரத்தில் சூடாக, எளிதாக இறங்கும் உணவு என்ற வகையில் சூப் நல்லது. கூடவே பால், முட்டை, பருப்பு, மீன் போகட்டும்.

இரவு செய்ததை அப்படியே அடுப்பிலேயே விட்டுவிட்டுக் காலையில் கொதிக்கவைத்தால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்திலேயே மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பதில் இது. பெரிய பானை உள்ளே மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். கொதியைத் தாங்கி உயிரோடிருக்கும் கிருமி வித்துகள் அந்தச் சூட்டில் முளைத்துப் பெருகும். சில கிருமிகள் விடும் நஞ்சு மறுகொதியிலும் அழியாது. எனவே வடிகட்டியதும் பானையைக் குளிர்ந்த தண்ணீர் நிரம்பிய தொட்டியிலோ அகன்ற அன்னக்கூடையிலோ இறக்கி, ஐஸ் போட்டுக் கிளறுங்கள். ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். மூன்று நாள் வைக்கலாம்; அதற்கு மேல் என்றால் ஒருவேளைக்கான அளவாக ஃபிரீசரில். எடுக்கும்போது தேவையானதை மட்டும் எடுத்து நன்றாகக் கொதிக்கவையுங்கள். கடைகளில் இரவு முழுக்க வைக்கிறார்களே என்றால், அங்கே தீ அணைவதில்லை.

ரத்த அழுத்தம் இருப்பவர்கள் சாப்பிடலாமா?

உப்பைக் கணக்கில் வைத்துச் சாப்பிடலாம். உலக சுகாதார அமைப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு இருக்கட்டும் என்கிறது. மேலே சொன்ன அளவில் ஒரு கிண்ண மிசோ சூப்பில் ஏறக்குறைய ஒன்றரைக் கிராம் இருக்கும். கடை ஃபோவில் சாறு முழுவதையும் குடித்தால் 3 கிராமைச் சுலபமாகத் தாண்டும். காய்களைக் கூட்டி, சாற்றைக் குறைத்து, பாதிச் சாற்றைக் கிண்ணத்திலேயே விட்டுவிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

எவ்வளவு சூட்டில் குடிப்பது?

65 டிகிரிக்கு மேலான சூட்டில் பானங்களைத் தொடர்ந்து குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று 2016இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியது. கிண்ணத்தில் ஊற்றியதும் நூடுல்ஸைக் கிளறி, மேல்பொருட்களைச் சேர்ப்பதற்குள் சூடு ஓரளவு தணியும். உதட்டில் வைத்துப் பொறுக்க முடியாவிட்டால் இன்னும் சற்றுப் பொறுங்கள்.

பிள்ளைகளுக்குப் பிளாஸ்கில் கொடுத்தனுப்பலாமா?

அகன்ற வாய் பிளாஸ்கில் முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, அதைக் கொட்டிவிட்டு, கொதிக்கும் சூப்பை விளிம்புவரை நிரப்புங்கள். பாதி நிரப்பினால் சீக்கிரம் ஆறும். நூடுல்ஸைத் தனி டப்பாவில், ஒட்டாமலிருக்க அரைத் தேக்கரண்டி எண்ணெய் பிசிறி வையுங்கள். முட்டையும் இறைச்சியும் சூப்போடு பிளாஸ்கிலேயே போகட்டும். தனியாக வெதுவெதுப்பில் கிடக்கக் கூடாது. பத்து மணி இடைவேளைக்குள் சாப்பிட்டுவிடச் சொல்லுங்கள்.